ஐந்தாவது ஷரத்து

தலைமுடியின் கனத்தில் கால் பங்குகூட ஆழம் போகாத ஒளி, டேப்லெட்டின் முதுகில் ஒரு பெயரை எழுதிவிட்டுப் போகும்போது, உள்ளே அக்கடா என்று கிடக்கும் மைக்கை எப்படிக் கொல்லும்? லேசர் அக்காவுக்கு மூன்று நாளாக இதே யோசனை.

தெருவில் எல்லோரும் அவளை அப்படித்தான் கூப்பிட்டார்கள். லேப்டாப், டேப்லெட் என்று எதைக் கொண்டுவந்தாலும் அதன் உலோக முதுகில் பெயரோ படமோ பொறித்துக் கொடுப்பது அவள் தொழில். அலுமினியத்தின் மேல் சாயம் ஏற்றிய மெல்லிய தோல் ஒன்று இருக்கும். லேசர் பட்ட இடத்தில் அந்தச் சாயம் மட்டும் வெளுத்துப் போகும். அடியில் இருக்கும் உலோகத்துக்கு விஷயமே தெரியாது. இரண்டு நிமிஷ வேலை. முடிந்ததும் தொட்டுப் பார்த்தால் ஆறிப்போன காப்பி டம்ளர் அளவுக்குத்தான் சூடு இருக்கும்.

இருந்தும் ஒரே மாதத்தில் ஐந்து புகார். ஸ்பீக்கர் இரைகிறது, விரல் ரேகையை ஏற்க மாட்டேன் என்கிறது, திரையின் மூலையில் ஒரு புள்ளி, இப்படி. அதற்கு முந்தைய இரண்டு வருஷத்தில் ஒன்றுகூடக் கிடையாது. நாற்பது லேப்டாப்பில் கல்லூரிச் சின்னம் பொறிக்க அவளிடம் கேட்டிருந்த கல்லூரி மேலாளரின் காதுக்கும் சேதி எட்டிவிட்டது. "வெள்ளிக்கிழமை வரேன். நம்பிக்கை வந்தா குடுக்கறேன். இல்லன்னா வேற கடை பாத்துக்கறேன்" என்று போனை வைத்துவிட்டார். அந்த ஆர்டர் கைநழுவினால் அதோடு கடையின் பெயரும் போகும். பெயர் போன கடையில் யார் வந்து பெயர் பொறிப்பார்கள்?

அவள் கொழுந்தனுக்கு மட்டும் கவலை இல்லை. வக்கீல் அலுவலகத்தில் தட்டச்சு வேலை என்பதால் வீட்டில் அவனுக்குக் குட்டி வக்கீல் என்று பட்டம். அதுவரை வாடிக்கையாளர்களிடம் அண்ணி கையெழுத்து வாங்கிவந்த நான்கு வரிச் சீட்டைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டு, போன மாதம் மூன்று பக்கப் பொறுப்புத் துறப்புப் படிவம் எழுதித் தந்தவன் அவன்தான். எது பழுதானாலும் கடை பொறுப்பல்ல என்பதை உறுப்பு உறுப்பாகச் சொல்லும் படிவம். வாடிக்கையாளர் நின்றபடியே நான்கு நொடியில் கையெழுத்துப் போடுவார். ஒரு பிரதி அவரோடு வீட்டுக்குப் போகும். புகார் வர வர, அவனும் ஷரத்துகளைக் கூட்டிக்கொண்டே போனான்.

"இருபத்தேழு ஆச்சு அண்ணி. எவன் வந்தாலும் மாட்டுவான்."

"எவனும் மாட்டல தம்பி. நான்தான் மாட்டியிருக்கேன்."

புதன்கிழமை பல் டாக்டர் டேப்லெட்டோடு வந்தார். மைக் புகார் அவருடையதுதான்.

"மைக் எப்ப போச்சு டாக்டர்?"

"நீங்க பேர் போட்டுக் குடுத்த அன்னிக்கே. வீட்டுக்குப் போய் டெஸ்ட் பண்ணினேன், ஊமையா இருக்கு."

"அன்னிக்குன்னு பாத்து ஏன் டெஸ்ட் பண்ணீங்க?"

"உங்க பேப்பர்லதானேம்மா இருந்துச்சு! அஞ்சாவது ஷரத்து, மைக். ஒவ்வொண்ணா டிக் பண்ணிக்கிட்டே வந்தேன்."

"அதுக்கு முன்னாடி அதுல எப்ப பேசினீங்க?"

டாக்டர் யோசித்தார். "நான் எதுக்கு அதுல பேசப்போறேன்? எக்ஸ்ரே காட்டத்தான் வெச்சிருக்கேன். என்கிட்ட வர்றவங்களும் பேசறதில்ல, வாயைத் தொறந்துக்கிட்டுப் படுத்திருப்பாங்க."

அவள் உருப்பெருக்கி விளக்கை இழுத்து மைக் துளையைப் பார்த்தாள். வெள்ளைத் தூள் இறுகி அடைத்திருந்தது. மெல்லிய தூரிகையால் நாலு தட்டு தட்டினாள். டேப்லெட் டாக்டரின் "ஹலோ"வைப் பதிவு செய்து திருப்பிச் சொன்னது. வருஷக்கணக்கில் ராவிய பற்களின் தூள்.

டாக்டர் அசரவில்லை. "இந்தத் தூள் விஷயம் பேப்பர்ல இல்லையேம்மா?"

குட்டி வக்கீல் அவசரமாகப் பேனாவைத் தேடினான்.

"பேனாவக் கீழ வை" என்றாள் அண்ணி. டாக்டர் போனதும் மற்ற நால்வருக்கும் போன் போட்டாள். நால்வரும் தாளை வீட்டில் வைத்துத்தான் படித்திருந்தார்கள். ஸ்பீக்கர் நான்காவது ஷரத்து, விரல் ரேகை ஒன்பதாவது.

"நீ எழுதினது பொறுப்புத் துறப்பு இல்ல தம்பி. வீட்டுக்குப் போய் என்னென்ன குறை கண்டுபிடிக்கலாம்னு பட்டியல். பழைய நோயெல்லாம் அன்னிக்குத்தான் அவங்க கண்ணுல படுது, பழி என் தலையில விழுது."

"ஷரத்து சட்டப்படி சரிதானே அண்ணி?"

"சரிதான். படிக்கற நேரந்தான் தப்பு."

வெள்ளிக்கிழமை மேலாளர் மாதிரிக்குத் தன் லேப்டாப்பைக் கொண்டுவந்து, கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தார். அவள் தாளே தரவில்லை. ஒப்புதல் வாசகம் எழுதிய ஒரு அட்டையை முன்னால் வைத்தாள். "சார், இந்த அஞ்சு வரியை உங்க லேப்டாப்லயே டைப் பண்ணுங்க. படிச்சு ரெக்கார்ட் பண்ணிப் போட்டுக் கேளுங்க. அதுலயே உங்க முகத்தையும் ஒரு படம் எடுத்து, எல்லாத்தையும் எனக்கு அனுப்புங்க."

"பரீட்சையாம்மா?"

"உங்களுக்கு இல்ல சார், அதுக்கு."

விசைகள் ஓடின. குரல் திரும்பி வந்தது. படத்தில் மட்டும் அவர் முகம் இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிற மூட்டம். "என்னம்மா பண்ணீங்க?" என்று பாய்ந்தவர், இன்னும் அணைந்தே கிடந்த லேசரைப் பார்த்து அடங்கினார். "நாப்பதுக்கும் இதே மாதிரிதானே பாப்பீங்க?" என்றார், குரல் இறங்கி.

இப்போது கடையில் நடப்பது இதுதான்: எந்தக் கருவியில் பெயர் பொறிக்க வேண்டுமோ, அந்தக் கருவியிலேயே வாடிக்கையாளர் ஒப்புதலைத் தட்டி, படித்துப் பதிந்து கேட்டு, தன் படத்தோடு அனுப்ப வேண்டும். எது வேலை செய்யவில்லையோ, அதை அவர் கையாலேயே கீழே எழுத வேண்டும். அது வந்து சேர்ந்த பிறகுதான் லேசரின் பொத்தானை அழுத்துவார்கள்.