கப்பித்தானின் கழுத்துப் பட்டை

மாசிமகத்தன்று எங்கள் குருசுக்குப்பம் தெரு வழியாகச் சாமிகள் தீர்த்தவாரிக்குப் போகும். சாமி வரும் வாசலில் தோல் சாமான் கிடக்கக்கூடாதென்று செருப்புகளை உள்ளே எடுத்துப் போட்டேன். அதோடு நின்றிருக்கலாம். எங்கள் நாய் கப்பித்தானின் தோல் பட்டையையும் கழற்றி வைத்தேன். அவ்வளவு பக்தி எனக்கு.

மறுநாள் அதைத் திரும்ப மாட்ட மறந்து நான் மீன் விற்கப் போயிருந்தபோது நாய் பிடிக்கிற வண்டி வந்திருக்கிறது. பட்டை இல்லையென்றால் தெருநாயாம். வலை போட்டுத் தூக்கிப் போய்விட்டார்கள். தெருவே வேடிக்கை பார்த்ததே தவிர ஒருத்தர் வாயைத் திறக்கவில்லை. கேட்டால், பைத்தியக்காரன் வளர்த்த நாய்தானே என்கிறார் பக்கத்து வீட்டுப் படகுக்காரர் பாவாடை. என் தம்பிக்கு அஜித் என்று ஒரு பெயர் இருக்கிறது. காதில் குரல் கேட்கிற நோய் வருவதற்கு முன்னால் இதே பாவாடையின் படகில் நான்கு வருஷம் வலை இழுத்தவன் அவன்.

மாத்திரையை நான் கொடுத்தால் விஷம் என்று துப்புவான். கப்பித்தான் வந்த பிறகுதான் அது மாறியது. நாய்க்குச் சோறு வைத்துவிட்டு, அது தின்று முடிப்பதற்குள் தானும் மாத்திரையை விழுங்கிவிடுவான். குரல் கேட்டால் நாயைப் பார்ப்பான். அது காதைத் தூக்கவில்லையென்றால் யாரும் பேசவில்லை என்று தெரிந்துகொள்வான். எந்த டாக்டரும் சொல்லித்தரவில்லை, அவனாகக் கண்டுபிடித்தது.

இரண்டு நாள் ஆபீஸ் ஆபீஸாக அலைந்து நாயை வைத்திருக்கும் இடத்தை விசாரித்தேன். இரண்டு நாளும் அவன் மாத்திரை போடவில்லை. மூன்றாம் நாள் நான் கிளம்பியபோது, எட்டு மாதமாக வாசல் தாண்டாதவன் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து ஆட்டோவில் என் பக்கத்தில் உட்கார்ந்தான்.

நாய்களை அடைத்திருந்த கொட்டகையில் பட்டையைக் காட்டினேன். இது எந்தக் கடையிலும் கிடைக்கும் என்றார் அதிகாரி. தம்பியின் நோயைச் சொல்லிக் கெஞ்சினேன். அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, அவன் காதுபடவே என்னிடம் சொன்னார்.

“இவர ஆஸ்பத்திரில அடைக்காம நாய்கிட்ட உட்டு வெச்சிருக்கியேம்மா.”

நாலு வார்த்தை கேட்க வாயெடுப்பதற்குள் தம்பி கூண்டுக்குப் பக்கத்தில் போய்விட்டான். கப்பித்தான் கம்பிக்கு வெளியே மூக்கை நீட்டி அவன் கையை நக்கியது. அவன் திரும்பாமலே பேசினான்.

“ஒடம்பு சரியில்லாதது எனக்குத்தான் சார். அத எதுக்கு அடைச்சி வெச்சிருக்கீங்க?”

அதிகாரி சாவியை எடுத்தார். எனக்குத்தான் அங்கே நிற்க முடியவில்லை. நோய் வந்த புதிதில், தெரு சிரிக்குமே என்று அவனை ஒன்பது நாள் அறைக்குள் போட்டுப் பூட்டியவள் நான். எதுக்கு அடைச்சி வெச்சிருக்கே அக்கா என்று உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டே இருந்தான். நான் சாவியை எடுக்கவில்லை.