ஆறடி நாலங்குலத்தில் ஓடுகிறவன்

அமெரிக்காவிலிருந்து மின்னஞ்சல் வந்த அன்று சிவகௌரி சந்தோஷப்பட்டது மூன்று நிமிடம்தான்.

மகன் யதுர்சன் அதைக் குசினி மேசையில் இருந்து உரத்து வாசித்தான். ஒஹாயோ மாநிலத்தில் ஒரு சிறிய கல்லூரி. அதன் அமெரிக்கன் ஃபுட்பால் அணிக்கு ஆள் சேர்க்கிறவர் எழுதியிருந்தார். வீடியோ பார்த்தோம், பிடித்திருக்கிறது, ஜனவரியில் மெல்பேர்னில் தேர்வு முகாம் வைக்கிறோம், வந்து கலந்துகொள்ளவும் என்று இருந்தது. கடைசியில் இன்னுமொரு வரி. முன்வரிசைக்கு உங்கள் உயரம் நல்லது, ஆனால் இன்னும் இருபத்தைந்து கிலோ ஏற்ற வேண்டும், இப்போதே சாப்பிடத் தொடங்குங்கள்.

"ஏன் முன்வரிசை?" என்று சிவகௌரி கேட்டாள்.

யதுர்சன் தோளைக் குலுக்கினான்.

அவன் ஆடுவது முன்வரிசையில் இல்லை. முன்வரிசைக்காரர் பந்தைத் தொடுவதில்லை. எதிரே நிற்கிறவர்களைத் தள்ளி வழி திறந்துவிடுவது மட்டும்தான் அவர்கள் வேலை. அந்த வழிக்குள்ளே பந்தை இடுக்கிக்கொண்டு ஓடுகிறவன்தான் ரன்னிங் பேக். யதுர்சன் அந்த சீசனில் ஏழு ஆட்டம் ரன்னிங் பேக்காக ஓடியவன். பதினொரு தடவை பந்தைக் கடைசிக் கோட்டுக்கு அப்பால் கொண்டுபோனவன். சிவகௌரிக்கு இது கேள்விப்பட்ட கணக்கு இல்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் வெயிலில், மைதான ஓரத்தில், ஒரு மடக்கு ஏணியின் மூன்றாம் படியில் நின்று அவ்வளவையும் வீடியோ எடுத்தவள் அவள். கிளப்பில் வீடியோ எடுக்க ஆளில்லை என்றபோது தானே கை தூக்கியவள்.

எந்த வீடியோவைப் பார்த்தார்கள் என்று கேட்டாள். கோச் விவேக் அனுப்பியது என்றான் மகன். இணைப்பைத் திறக்கச் சொன்னாள்.

நாலு நிமிட வீடியோ. முதல் துண்டில் யதுர்சன் ஒருவனைத் தள்ளினான். இரண்டாவதிலும் தள்ளினான். நாலு நிமிடமும் தள்ளிக்கொண்டே இருந்தான். சீசன் தொடங்கியபோது விவேக் அவனை முன்வரிசையில் நிறுத்திய இரண்டு ஆட்டங்களில் இருந்து பொறுக்கி எடுத்தவை. அவன் பந்தைத் தொடும் ஒரு காட்சிகூட அதில் இல்லை. தலைப்பில் பெயர், உயரம் ஆறடி நாலங்குலம், இடம்: முன்வரிசை. ஒரு துண்டில் அவளுடைய குரலே கேட்டது. ஏணியில் நின்று "விடாதை, விடாதை" என்று கத்துகிறாள். அவள் எடுத்த படத்தையே வெட்டி, அவள் பிள்ளையை வேறொருவனாக்கி அனுப்பியிருந்தார்கள்.

அன்று அவளுக்கு நாலு மணிக்கு ஒரு பாடம் இருந்தது. சிவகௌரி சிட்னியில், மெரிலேண்ட்ஸில் கார் ஓட்டப் பழக்குகிறவள். பன்னிரண்டு வருஷத்தில் ஒரு பாடத்தைக்கூடத் தள்ளிப்போட்டதில்லை. அன்று தள்ளிப்போட்டாள். கூரையில் மஞ்சள் பலகை பூட்டிய அதே காரில் மைதானத்துக்குப் போனாள்.

விவேக்குக்கு முப்பத்திநாலு வயது. கோயம்புத்தூரில் பிறந்து, ஏழு வயதில் சிட்னிக்கு வந்து, பல்கலைக்கழகத்தில் இந்த ஆட்டத்தைப் பிடித்துக்கொண்டவன். அவளை அக்கா என்று கூப்பிடுவான். வீட்டில் இரண்டு தடவை சாப்பிட்டிருக்கிறான். பயிற்சிக்கு இன்னும் ஒருவரும் வரவில்லை. புல்லில் செம்மஞ்சள் கூம்புகளை வைத்துக்கொண்டிருந்தான். அவள் வந்த வேகத்தைப் பார்த்ததும் என்ன விஷயம் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது.

அவன் மறைக்கவில்லை. ஆறடி நாலங்குலத்தில் ரன்னிங் பேக் என்று எழுதினால் எந்தக் கல்லூரியும் வீடியோவைத் திறந்தே பார்க்காது என்றான். உயரமானவன் நிமிர்ந்து ஓடுவான், காலடியில் பிடித்துச் சரித்துவிடுவார்கள், முழங்கால் போய்விடும், அங்கே எல்லாருடைய எண்ணமும் அதுதான் என்றான். முன்வரிசை என்று எழுதியதால்தானே இந்தப் பதிலே வந்தது என்றும் சொன்னான்.

"நான் அவனுக்கு ஒரு கதவைத் திறந்துவிட்டேன் அக்கா."

"அவனிட்டைக் கேட்டனீங்களோ?"

விவேக் கையிலிருந்த கூம்பைப் பார்த்தான். "கேட்டா வேண்டாம்னு சொல்லியிருப்பான்."

"அப்ப, வேண்டாம் எண்டு சொல்லுவான் எண்டு தெரிஞ்சுதான் கேக்காமல் விட்டனீங்கள்."

அவள் குரலை உயர்த்தவில்லை. தன்னிடம் பழக வந்த ஒரு மனுசியைப் பற்றிச் சொன்னாள். நாலடி எட்டங்குலம். ஸ்டியரிங்குக்கு மேலே தலை தெரியாது. அந்த மனுசிக்கு முதுகுக்கு ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு மெத்தை வைத்துப் பழக்கியவள் தான் என்றாள். உங்கட உயரத்துக்கு பஸ்ஸில போறதுதான் சுகம் எண்டு ஒரு நாளும் சொல்லவில்லை, அந்த மனுசிக்குத் தெரியாமல் ஒரு படிவமும் நிரப்பவில்லை, இன்றைக்கு அந்த மனுசி பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறாள் என்றாள். சொல்லிவிட்டுக் காரில் ஏறினாள். பத்து நிமிடம் சாவியைத் திருப்பாமல் இருந்தாள்.

வீட்டில் கணவர் சிறிதரன் எல்லாவற்றையும் கேட்டார். ரயில்வேயில் பொறியியலாளர், எதையும் அளந்து பேசுகிறவர். விவேக் செய்த முறை பிழை, ஆனால் அவன் சொல்வதில் நியாயம் இருக்கலாம் என்றார். உயரமானதற்குப் புவியீர்ப்பு மையம் மேலே இருக்கும், அது பௌதிகம் என்றார். அவள் அவருக்குச் சோறு போட்டாள். யதுர்சனோ "லீவ் இற் அம்மா" என்று ஆங்கிலத்தில் விடச் சொன்னான். எந்த இடமானாலும் பரவாயில்லை, போனால் போதும் என்றான். அதுதான் அவளுக்கு மற்ற எல்லாவற்றையும்விட எரிந்தது. பதினெட்டு வயதில் போனால் போதும் என்று ஒரு பிள்ளை சொல்ல வேண்டுமென்றால், எத்தனை பேர் அவனிடம் எத்தனை தடவை உயரத்தைச் சொல்லியிருக்க வேண்டும். குவேக்கர்ஸ் ஹில் பகுதியில் எந்த வீட்டுக் கொண்டாட்டத்துக்குப் போனாலும் அன்ரிமார் அண்ணாந்து பார்த்து முதலில் கேட்பது பாஸ்கெட்பால் ஆடுறாயோ என்றுதான். அவனும் சிரித்துக்கொண்டு இல்லை அன்ரி என்பான்.

"உனக்கு எது விருப்பம்? சாட்டுச் சொல்லாமல் சொல்லு," என்றாள்.

அவன் தமிழிலேயே சொன்னான். "ஓடத்தான் விருப்பம்."

அடுத்த ஞாயிறு முழுக்கத் தாயும் மகனும் ஒரே மேசையில் இருந்து வேறு வீடியோ தயாரித்தார்கள். ஏழு ஆட்டத்தையும் தொடக்கத்தில் இருந்து பார்த்தார்கள். முதல் இரண்டு மணித்தியாலம் சிவகௌரிக்கு உற்சாகம். தோளால் இருவரை உதறிவிட்டு ஓடுகிறான். நீளக் கால் மூன்று எட்டு வைத்தால் எதிராளிக்கு ஐந்து எட்டு வேண்டியிருக்கிறது. மத்தியானத்துக்குப் பிறகு அவள் பேச்சுக் குறைந்தது. அவன் தடுக்கப்பட்ட ஓட்டங்களை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டாள். இருபத்தாறு. அதில் இருபத்தொன்றில் மகன் விளக்குக் கம்பம் மாதிரி நிமிர்ந்து போகிறான். பிடித்தவர்கள் எல்லாரும் முழங்காலுக்குக் கீழேதான் பிடித்திருக்கிறார்கள்.

விவேக் சொன்னது பொய் இல்லை. அதைத் தன் கண்ணாலேயே பார்த்தபோது அவளுடைய கோபம் அடங்கியிருக்க வேண்டும். அடங்கவில்லை, இன்னும் தெளிவாகியது. அணியின் வழக்கமான ரன்னிங் பேக்குக்குக் காறை எலும்பு முறிந்தது என்று, வேறு ஆளில்லாமல், ஒரு வியாழக்கிழமை இவனைப் பிடித்து அந்த இடத்தில் நிறுத்தியவன் விவேக். அதற்குப் பிறகு ஒரு நாளாவது இவனுக்குக் குனிந்து ஓடப் பழக்கினானா என்று மகனைக் கேட்டாள். இல்லை என்றான். ஓடிக்கொண்டிரு, நல்லாத்தான் போகுது என்று மட்டும் சொன்னாராம்.

அடுத்த பயிற்சி நாளன்று மறுபடி போனாள். இந்தத் தடவை மடிக்கணினியோடு, மகனையும் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு. விவேக்குக்கு அந்த இருபத்தொரு துண்டையும் போட்டுக் காட்டினாள். அவன் முழுக்கப் பார்த்தான். நான் சொன்னது இதுதானே அக்கா என்று கேட்டான்.

"ஓம், இதுதான். ஆனால் இது உயரத்தின்ரை பிழையோ, பழக்காததின்ரை பிழையோ எண்டு உங்களுக்குத் தெரியுமோ? எனக்குத் தெரியாது. பழக்கிப் பார்க்காமல் ஒருத்தருக்கும் தெரியாது."

விவேக் மடிக்கணினியை மூடினான். தனக்குப் பத்தொன்பது வயதில் ஒரு அமெரிக்கக் கல்லூரியிலிருந்து வந்த பதிலைப் பற்றிச் சொன்னான். அவனைக் குட்டை என்று எழுதியிருந்தார்களாம், இரண்டே வரியில். இவனுக்கும் அப்படி வந்துவிடக்கூடாது என்றுதான் நினைத்தேன் என்றான். சிவகௌரி அதைக் கேட்டு இளகவில்லை. அந்த வலி தெரிந்தவன் இதைச் செய்திருக்கவே கூடாது என்று அவளுக்குப் பட்டது. அவன் அவளிடம் மன்னிப்புக் கேட்கத் தொடங்கியபோது கையைக் காட்டித் தடுத்தாள். மகனைக் காட்டினாள். விவேக் யதுர்சனிடம் திரும்பி, உன்னிடம் கேட்டிருக்க வேண்டும், கேட்காதது தப்பு என்றான். யதுர்சன் புல்லைப் பார்த்துக்கொண்டு ஓகே என்றான்.

அதற்குப் பிறகு ஏழு வாரம். கிறிஸ்மஸ் விடுமுறையிலும் விவேக் வாரத்தில் நாலு நாள் வந்தான். இரண்டு கம்பங்களுக்கு இடையே இடுப்பு உயரத்தில் கயிறு கட்டி, பந்தோடு அதற்குக் கீழே ஓட வைத்தான். யதுர்சனுக்கு முதுகு பிடித்தது, தொடை பிடித்தது. கயிறு நெற்றியில் இழுத்துச் சிவப்புக் கோடு விழுந்தது. மூன்றாம் வாரம் என்னால் ஏலாது என்று ஒரு நாள் காருக்குள் இருந்து அழுதான். சிவகௌரி ஆறுதல் சொல்லவில்லை. ஏலாது என்று நீயே கண்டுபிடித்தால் அது வேறு, அதற்கு நான் ஒன்றும் சொல்லமாட்டேன் என்றாள். நாளைக்கும் வந்து பார் என்றாள். வந்தான்.

புதிய வீடியோவை அவர்களே கல்லூரிக்கு அனுப்பியிருந்தார்கள். தடுக்கப்பட்ட ஓட்டங்களிலும் ஐந்தை அதில் சேர்க்க வேண்டும் என்று யதுர்சன்தான் பிடிவாதம் பிடித்தான். முகாமில் பார்ப்போம் என்று மட்டும் பதில் வந்தது.

மெல்பேர்னுக்கு சிவகௌரி ஒன்பது மணித்தியாலம் கார் ஓட்டிப் போனாள். முகாம் கிளேட்டனுக்குப் பக்கத்தில் ஒரு மைதானத்தில். அறுபது பேர் வந்திருந்தார்கள். மேசையில் இருந்த இளைஞன் யதுர்சனை அண்ணாந்து பார்த்தான், பட்டியலைப் பார்க்கவில்லை, முன்வரிசைக்காரரின் சிவப்புச் சட்டையை எடுத்து நீட்டினான். பெற்றோர் நிற்கிற கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்ற சிவகௌரி கயிற்றைத் தூக்கிக்கொண்டு உள்ளே போயிருப்பாள். அதற்குள் யதுர்சன் சட்டையை மடித்து மேசையில் திருப்பி வைத்தான். நான் ரன்னிங் பேக் என்று எழுதித் தந்திருக்கிறேன், பட்டியலைப் பாருங்கள் என்று ஆங்கிலத்தில் சொன்னான். அவன் குரல் அவளுக்குக் கேட்டது. இளைஞன் பட்டியலைப் பார்த்து நீலச் சட்டை கொடுத்தான். யதுர்சன் ஓடுகிறவர்களின் வரிசையில் மற்ற எல்லாரையும்விட ஒரு தலை உயரமாகப் போய் நின்றான். யாரோ ஒரு தகப்பன் சிரித்தார். சிவகௌரி திரும்பி அவரைப் பார்த்த பார்வையில் சிரிப்பு நின்றது.

முதல் ஓட்டத்தில் அவனைக் கணுக்காலில் பிடித்துச் சரித்தார்கள். இரண்டாவதில் நிமிர்ந்தே போய் நெஞ்சில் வாங்கினான். மூன்றாவதில் குனிந்தான். தோள் தாழ்ந்து, முழங்கால் மடிந்து, அவனுடைய பாதி உயரத்தில் போய் இடைவெளிக்குள் நுழைந்தான். அந்தப் பக்கம் வந்த பிறகுதான் முழு நீளத்துக்கும் எழும்பினான். அதற்குப் பிறகு அவனை ஒருவரும் எட்டவில்லை. மொத்தம் ஒன்பது ஓட்டம். நாலில் விழுந்தான், ஐந்தில் போனான்.

முடிந்ததும் கல்லூரிக் கோச் அவர்களிடம் வந்தார். ஐம்பது வயதிருக்கும், வெயிலில் கழுத்துச் சிவந்திருந்தது. பூசி மெழுகாமல் பேசினார். இந்த உயரத்தில் ரன்னிங் பேக்காக நின்று பிடித்தவர்கள் மிகக் குறைவு, இடி வாங்கும்போது இன்னும் நிமிர்கிறான், வெல்வானா என்று எனக்குத் தெரியாது என்றார். ஒரு வருடம் அந்த இடத்திலேயே வைத்துப் பார்க்கிறேன் என்றார். ஒரு வருடம் முடிந்ததும் அவனிடம் கேட்காமல் இடம் மாற்றுவீர்களா என்று சிவகௌரி கேட்டாள். மாட்டேன் என்றார். அதை எழுதித் தரும்படி சொன்னாள். யதுர்சன் கண்ணை மூடிக்கொண்டான். கோச் சிரித்துவிட்டு, அங்கேயே கைபேசியில் மின்னஞ்சல் எழுதி அனுப்பினார்.

ஜூலையில் யதுர்சன் புறப்பட்டான். விமான நிலையத்துக்கு விவேக்கும் வந்திருந்தான். சிவகௌரி அவனோடு கதைத்தாள், பழையபடி இல்லை. சாப்பிட வா என்று சொல்ல அவளுக்கு இன்னும் வாய் வரவில்லை.

முதல் சீசனில் நாலு ஆட்டத்தில் அவனை இறக்கினார்கள். இருபத்துமூன்று தடவை பந்தைக் கொடுத்தார்கள், தொண்ணூற்றெட்டு யார்டு ஓடினான். மோசம் இல்லை, பிரமாதமும் இல்லை. வருடம் முடிந்து கோச் அவனைக் கூப்பிட்டு, முன்வரிசையா, இதே இடமா என்று கேட்டாராம். இதே இடம் என்றானாம். சரி என்று எழுதிக்கொண்டாராம்.

ஆட்டங்கள் சிட்னியில் ஞாயிறு காலையில் வரும். சிறிதரன் இந்த வருடம் தேநீரோடு வந்து பக்கத்துக் கதிரையில் இருக்கத் தொடங்கியிருக்கிறார். பௌதிகம் பற்றிப் பேசுவதில்லை. யதுர்சன் களத்தில் இறங்கும்போதெல்லாம் வர்ணனையாளர் இந்த இடத்துக்கு மிகவும் உயரம் என்று ஆரம்பிப்பார். சிவகௌரி திரையைப் பார்த்து, அதை அவனிட்டைக் கேளுங்கோ என்பாள்.