டெலிவரி இல்லாத பின்கோடு

மந்தைவெளி ஸ்டேஷன் படிகளில் தடதடவென்று இறங்கினாள் கயல். காதில் போன்.

"வீட்லதான் சார் கீறேன். எங்க போவப் போறேன்?"

தலைக்கு மேலே ரயில் ஊதியது.

"வீட்டுக்குள்ள ரயில் வருதாம்மா?"

"டிவி சார்!"

போனை அணைத்துவிட்டு ஓடினாள். தி.நகர் துணிக்கடையில் தலைவலி என்று பொய் சொல்லிப் பாதி ஷிஃப்டில் கிளம்பி வந்திருந்தாள். காரணம், காலையில் வந்த மெசேஜ். வாடகைக்குப் புத்தகம் அனுப்பும் 'நூல்டப்பா' ஆப்பிலிருந்து: 'உங்கள் முகவரி சந்தேகத்துக்குரியது. எங்கள் ஆள் இன்று நேரில் வந்து, உங்களை வீட்டு வாசலில் நிறுத்திப் படம் எடுப்பார். தவறினால் கணக்கு ரத்து.'

ரத்தானால் முடிந்தது கதை. கயல் இப்போது குடியிருப்பது ஊருக்கு வெளியே, அடுக்குமாடிக் குடியிருப்பில். அந்தப் பின்கோடைத் தட்டினாலே ஆப்பில் 'சேவை இல்லை' என்று சிவப்பு எழுத்து வரும். அதனால்தான் ஆற்றோரத்துப் பழைய முகவரியை மாற்றாமலே வைத்திருந்தாள். இப்போதென்று பார்த்து, மூன்று பாக மர்ம நாவலில் இரண்டு பாகம் முடித்திருக்கிறாள். கொலைகாரன் கதவைத் தட்டிக்கொண்டு நிற்கிறான். யார் அவன்? மூன்றாம் பாகம் வந்தால்தான் தெரியும்.

தெருமுனையில் முனியம்மாளின் பெட்டிக்கடை. கயலுக்கு வரும் பார்சல்களை வாங்கி வைப்பது அவள்தான்.

"இன்னாடி, நாய் தொரத்துதா? உன்னத் தேடிக்கினு ஒரு ஆளு வந்துகீறாரு பாரு."

சோடா பாட்டிலும் கையுமாகத் திரும்பினான் நூல்டப்பாவின் அசோகன். தோள்பையின் வாயில் மூன்றாம் பாகத்தின் அட்டை எட்டிப் பார்த்தது.

"வீட்ல இருக்கேன்னீங்க?"

"இருந்தேன். சோடா குடிக்க வந்தேன்."

"விளையாடாதீங்கம்மா. நீங்க ஆப்பைத் திறக்கிறதெல்லாம் வேற ஏரியாவுல இருந்து. இங்க குடியில்லைன்னு ஒத்துக்குங்க, கணக்கை மூடிட்டுப் போயிடறேன்."

"இன்னாத்துக்கு மூடணும்? ஒரு பக்கம் கிழிச்சனா? ஒரு நாள் லேட்டா குடுத்தனா? இப்ப இருக்கிற எடத்துக்கு வரமாட்டீங்க. முன்ன இருந்த எடத்துக்கும் வரமாட்டீங்க. அப்ப நான் எங்க குந்திக்கினு படிக்கிறது, ஆகாசத்துலயா?"

"ரூல்ஸும்மா. வாசல் போட்டோ இல்லாம நான் போக முடியாது."

"வாங்க, எடுங்க."

"வேணாம்டி" என்று முனியம்மாள் கண் ஜாடை காட்டினாள். கயல் கண்டுகொள்ளவில்லை. விறுவிறுவென்று சந்துக்குள் நடந்தாள். கதவு எண்களைப் பார்த்தபடியே பின்னால் வந்தான் அசோகன்.

"நாப்பத்தேழு... நாப்பத்தெட்டு... உங்களுது அம்பதுதானே?"

"அம்பதேதான்."

நாற்பத்தெட்டோடு சந்து முடிந்தது. அதற்கப்பால் கம்பி வேலி. கயல் வேலியைத் தூக்கிக் குனிந்து உள்ளே போனாள். புதருக்கு நடுவே கிடந்த செங்கல் குவியலின் மேல் ஏறி, துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து நின்றாள்.

அசோகன் கையில் போனோடு திகைத்தான். "வீடு எங்கம்மா?"

"காலுக்குக் கீழ கீது சார். புல்டோசர் உட்டு இட்ச்சிட்டு, எங்கள லாரில ஏத்தினு போயி ஊருக்கு வெளிய எறக்கிட்டாங்க. எங்க நைனா கட்டுன வாசப்படிமேலதான் நிக்கிறேன். எடு சார் போட்டோவ!"