பிழையில்லா ஆண்டு விழா

மரக்காணத்தில் டாக்டர் பாலகுருவின் ஆஸ்பத்திரியில் ஓராண்டாக மருந்துப் பிழை ஒன்றுகூட நடக்கவில்லை. சொன்னால்தானே நடந்ததாக ஆகும். மாத்திரையை மாற்றிக் கொடுத்துவிட்டதாகத் தானே வந்து ஒப்புக்கொண்ட ஒரு நர்ஸை, வார்டு நடுவில் மைக்கைக் கொடுத்து எல்லா நோயாளிகளிடமும் மன்னிப்புக் கேட்க வைத்திருந்தார் டாக்டர். அதன்பிறகு ஊழியர்களின் கவனம் வியக்கத்தக்க அளவில் கூடியது.

அந்தச் சாதனைக்கு விழா. விருந்தினர் கண்ணில் முதலில் படுவது வசதியான முகமாக இருக்கட்டும் என்று, காலில் சீழ்பிடித்த புண்ணோடு வாசலோரக் கட்டிலில் கிடந்த உப்பளத் தொழிலாளி பாவாடையைக் கடைசிக் கட்டிலுக்குத் தள்ளினார்கள். அங்கே சர்க்கரை நோய்க்காகப் படுத்திருந்த உப்பள முதலாளி குப்புசாமி வாசலோரக் கட்டிலுக்கு வந்தார்.

நர்ஸ் மேரிசெல்வி ஊசி போடும் நேரத்தில் பூச்செண்டு எங்கே, குத்துவிளக்கு எங்கே என்று மூன்று முறை கூப்பிட்டார்கள். அங்கே நோயாளிக்குப் பெயர் கிடையாது, கட்டில்தான். கடைசிக் கட்டிலுக்கான இன்சுலின் கடைசிக் கட்டிலுக்கே போனது. முதலாளிக்கு உரியது ஒன்று பாவாடைக்குக் கிடைத்தது அதுதான் முதல் தடவை.

“ஏம்மா, எனக்கு இன்னிக்கு ஊசி இல்லியா?” என்று குப்புசாமி கேட்டபோதுதான் அவளுக்கு உறைத்தது. தலைமை நர்ஸ் சாலம்மாளிடம் ஓடினாள்.

“சிஸ்டர், பாவாடைக்கு இன்சுலின் போட்டுட்டேன். அவருக்கு சுகரே கெடையாது. உடனே குளுக்கோஸ் ஏத்தணும்.”

“ஏத்து. ஏன் ஏத்துனன்னு கேட்டா சொல்லுவியா? வெளிய மைக் ரெடியா இருக்குது.”

“அவருக்கு வேர்த்து ஊத்துதுங்க.”

“உப்பளத்து ஆளுக்கு வேர்க்காம என்னா? விழா முடியட்டும், சார்கிட்ட நானே சொல்றேன்.”

சிறப்பு விருந்தினர் இன்னும் திண்டிவனத்தையே தாண்டவில்லை. மேரிசெல்வி குளுக்கோஸ் பாட்டிலைக் கையில் பிடித்தபடி வார்டு வாசலில் நின்றாள். போவதும் திரும்புவதுமாக இருந்தாள். அசந்து தூங்குகிறார் என்று பாவாடையின் மனைவி ஆண்டாள் கட்டிலருகே சந்தோஷமாக விசிறிக்கொண்டிருந்தாள். ஒருவழியாக விருந்தினர் வந்து, ஊழியர்கள் அச்சமின்றி உண்மை பேசும் சூழலைப் பற்றி டாக்டர் விரிவாகப் பேசி, கைதட்டலும் ஓய்ந்தது. அவள் ஓடிப்போய் பாட்டிலை மாட்டினாள். பாவாடைக்கு வேர்ப்பது நின்றிருந்தது. மூச்சும்தான்.

டாக்டர் வந்தார். பாட்டிலைப் பார்த்தார், மேரிசெல்வியைப் பார்த்தார். “சன் ஸ்ட்ரோக். வெயில் அடிச்சிருக்குது” என்றார். நாலு நாளாக வார்டுக்குள்ளேயே படுத்திருந்தவருக்கு.

“காலுப் புண்ணுக்குத்தானங்க வந்தாரு” என்றாள் ஆண்டாள். மேரிசெல்வியின் கையைப் பிடித்துக்கொண்டாள். “நீ ஒருத்திதாம்மா ஓடி ஓடிப் பாத்த. நீ சொல்லு, வெயிலுதானா?”

டாக்டர் போகாமல் நின்றார்.

“வெயிலுதாம்மா” என்றாள் மேரிசெல்வி.