மலையம்மாள் கட்டிய காப்பு

மாட்டுக் குளம்பு பட்டால் தரை பள்ளமாகிவிடும் என்று உருளைக்கல் இழுக்கப் பெண்களை விட்டிருந்தார்கள். சிலோனிலிருந்து தோட்டத் துரைமார் வந்து நாளை இந்த மலைத் துரைமாரோடு கிரிக்கெட் ஆடப்போகிறார்கள். கொழுந்து பறிப்பை நிறுத்திவிட்டு எஸ்டேட்டே மைதானத்தில் கிடந்தது.

அக்கம்மாளின் தோளை வடக்கயிறு அறுத்தது. கண் மட்டும் விருந்தாளிகளுக்குப் போட்ட சமையல் கொட்டகையை விட்டு நகரவில்லை. அங்கே மலையம்மாள் அடுப்பு முன்னால் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். இருவருக்கும் ஓடைப்பட்டிதான் ஊர். ஒன்றாகப் போடிமெட்டு மலைப்பாதை ஏறி வந்தவர்கள். ஆனாலும் கொட்டகை வேலைக்குக் கங்காணி குருசாமி அவளைத்தான் பொறுக்கினார். அவள் மகன் அடுப்போரம் கதகதப்பாக உட்கார்ந்து பன் தின்கிறான். அக்கம்மாளின் மகள் ராமுத்தாய் ஒழுகுகிற லயத்து வீட்டில் கம்பளிக்குள் இருமிக்கொண்டு கிடக்கிறாள். அப்படி என்னத்தைக் கண்டுவிட்டார் அவளிடம்?

மத்தியானம் மலையம்மாள் முந்தானைக்குள் மறைத்து ஒரு பன் கொண்டுவந்தாள். "பிள்ளைக்குக் குடுங்க மதினி."

அவள் மணிக்கட்டில் மஞ்சள் கயிறு தெரிந்தது.

"என்னடி இது?"

"வீரபாண்டி ஆத்தாளுக்குக் காப்பு. பயலுக்கு அம்மை வார்த்தப்ப தீச்சட்டி எடுக்கேன்னு நேந்தேன். ஆட்டம் முடியவும் கங்காணியார்ட்ட லீவு கேக்கணும்."

பன்னை இடுப்பில் செருகிக்கொண்டு அக்கம்மாள் நேரே கங்காணியிடம் போனாள்.

"மலையம்மா காப்புக் கட்டிருக்கா. இன்னைக்கே மெட்டு இறங்கி ஓடிருவா போல. கொட்டகைக்கு வேற ஆளைப் போடுங்க."

குருசாமியும் அவர்கள் ஊர்ப் பக்கத்துக்காரர். காப்புக் கட்டியவள் சாமிக்கு முன்னால் போய் நின்றே தீருவாள் என்பது அவருக்குத் தெரியும்.

"அவ மட்டுமா? சித்திரை வந்தா எல்லாருக்குந்தான் கால் ஊருக்கு இழுக்கும். ஆட்டத்தன்னைக்கு ஆள் இல்லேன்னா தொரை என் தோலை உரிச்சிருவாக." காவல்காரனைப் பார்த்துக் கத்தினார். "ஏலே ஒச்சாண்டி! லயத்துல இருக்க கம்பளி பூராத்தையும் பிடுங்கிட்டு வா. இந்தக் குளிர்ல கம்பளி இல்லாம எவ மெட்டு இறங்குறான்னு பாப்போம். மலையம்மா ராத்திரியும் கொட்டகையிலயே கெடக்கட்டும், தொரை வீட்டுப் பட்லர் கண்ணு முன்னால."

"எம்பிள்ளைக்கு இருமலுங்க..."

"ஆட்டம் முடியட்டும், தாரேன்."

பொழுது சாயும்போதே பனி இறங்கிவிட்டது. ராமுத்தாயைச் சேலையால் சுற்றி இடுக்கிக்கொண்டு அக்கம்மாள் அடுப்புச் சூட்டைத் தேடி மைதானத்துக்கு வந்தாள். கொட்டகையில் அடுப்பு எரிந்தது. மலையம்மாளின் மகன் அதன் பக்கத்திலேயே தூங்கிவிட்டிருந்தான். கம்பளிகள் அவள் நினைத்ததுபோலக் கங்காணி வீட்டில் இல்லை. மைதானத்து நடுவில், நாளை பந்து போடும் இடத்தில், வரிசையாக விரித்துக் கிடந்தன.

"தொரை சொன்னாக," என்றான் ஒச்சாண்டி. "பனியில மண்ணு நனையக் கூடாதாம். மிதிச்சிராத, அங்கனயே நில்லு."

ஒரு கம்பளியின் ஓரத்தில், அக்கம்மாள் கைப்படத் தைத்த சிவப்பு ஒட்டு.

"ஆத்தா, நம்மது," என்று ராமுத்தாய் கையை நீட்டினாள். இருமல் அவளை மேலே பேசவிடவில்லை.

காற்றில் அந்த ஓரம் தூக்கியது. ஒச்சாண்டி ஒரு கல்லை எடுத்துவந்து அதன்மேல் வைத்தான்.