வளையம் இருந்த இடம்

பாப்பா பிறந்து பன்னிரண்டாம் நாள் எடை பார்த்தபோது, பிறந்ததைவிட நூற்றைம்பது கிராம் குறைந்திருந்தாள்.

"திங்கக்கெழம வாங்க. ஏறலன்னா பவுடர் பால் ஆரம்பிச்சிடலாம்," என்றார் நர்ஸ். அன்று சனிக்கிழமை.

என் அம்மா அகஸ்டினா, அக்காவின் பிரசவத்துக்காகப் பிரான்சுக்குப் போயிருந்தாள். அதனால் நான் குருசுக்குப்பத்தில் மாமியார் வீட்டிலேயே இருந்தேன். மாமியார் பூவாயி பெரிய மார்க்கெட்டில் மீன் விற்கிறவர். மருமகளுக்குப் பால் பத்தவில்லை என்பதை அவர் தன் கூடை மீனை யாரோ நாறுது என்று சொன்ன மாதிரி எடுத்துக்கொண்டார். பால் ஊறும் என்று காலையும் மாலையும் பால்சுறாப் புட்டுதான்.

அவருக்குத் தெரியாதது ஒன்று இருந்தது. பெங்களூரில் வேலை பார்த்தபோது, இருபத்துமூன்று வயதில், இரண்டு முலைக்காம்பிலும் குத்தி வளையம் போட்டிருந்தேன். யாருக்கும் காட்டுவதற்காக இல்லை. என் உடம்பில் நானே முடிவு செய்த ஓர் இடம் எனக்கு வேண்டியிருந்தது, அவ்வளவுதான். பாப்பா வயிற்றில் இருந்த ஐந்தாம் மாதம் வளையங்களைக் கழற்றினேன். ஓட்டைகள் மூடவில்லை.

"நர்ஸ்கிட்ட கேட்டுடேன் லினெட்டு," என்று என் கணவன் அஜித் பலமுறை சொன்னான். நான் கேட்கவில்லை. எனக்காகச் செய்துகொண்ட ஒன்றால் என் மகள் பட்டினி கிடக்கிறாள் என்று யாராவது சொன்னால், உடனே நம்பிவிடுவேன். அதுதான் பயம்.

அதனால் எப்போதும் சுவரைப் பார்த்து, துப்பட்டாவுக்குள் பால் கொடுத்தேன். பாப்பா இரண்டு வாய் குடிப்பாள், இருமுவாள், முகம் சிவக்க விலகி அழுவாள். குத்தியதில் பால் வரும் வழியே அறுந்துபோயிருக்கும் என்று நினைத்தேன். துப்பட்டா நனைந்திருப்பதைப் பார்த்தும், அவள் எச்சில் என்றே நினைத்தேன்.

ஞாயிறு காலை மாமியாருக்குப் பொறுக்கவில்லை.

"செவுத்துக்காடி பால் குடுக்குற? இப்பிடித் திரும்பு," என்று துப்பட்டாவை இழுத்துவிட்டார். பாப்பா அப்போதுதான் வாயை எடுத்திருந்தாள். காம்பின் நுனியிலிருந்து ஒன்று, இரண்டு பக்கமும் ஒவ்வொன்று என்று மூன்று தாரையாகப் பால் பீச்சியது. ஒன்று நேராக மாமியார் கண்ணில் விழுந்தது.

"இன்னாடி இது, மூணு பக்கமும் அடிக்குது?"

"குத்தியிருந்தேன் அத்த. வளையம் போட."

"எங்க?"

"அங்கதான்."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னையே பார்த்தார்.

"வலிக்கல?"

"உசுரே போச்சு."

"மூக்குக் குத்தறதுக்கே நான் மூணு நாள் அழுதேன். நீ போயி அங்க... அடிப்பாவி!" என்றவருக்குச் சிரிப்பு முட்டியது. "இதுல நான் வேற சுறாவா ஆக்கிக் கொட்டுறேன்! தண்ணி லாரி பைப்ப வாயில வச்சா புள்ள எப்பிடி குடிக்கும்? இருமாம என்னா பண்ணும்?"

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பன்னிரண்டு நாளில் முதல் சிரிப்பு. தையல் இழுத்தது. அடக்கமாட்டாமல் தலையணையில் மல்லாந்து சாய்ந்தேன், பாப்பாவும் என் மேலேயே கவிழ்ந்தாள். தலையை ஆட்டி ஆட்டித் தேடி, தானே கவ்விக்கொண்டாள். இப்போது பால் மேல்நோக்கி ஏறவேண்டியிருந்தது. நிதானமாக வந்தது.

ஒரு வாய். இரண்டு. இருமலுக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. பக்கத்து ஓட்டைகளில் கசிந்தது என் விலாவில் இளஞ்சூடாக வழிந்தது. பதினொன்று வரை எண்ணினேன், பிறகு எண்ண மறந்துபோனேன். அவள் விழுங்கும் சத்தம் அந்தச் சின்ன அறை முழுக்கக் கேட்டது. இந்த உடம்பு என்னுடையது என்று இவ்வளவு நிச்சயமாக நான் முன்பு உணர்ந்ததில்லை, அதை இன்னொருத்தி முழுசாக எடுத்துக்கொண்டிருந்த அந்த நேரத்தில்.

"அசையாத, அப்பிடியே கெட," என்று கிசுகிசுத்த மாமியார், வாசலுக்குப் போய் போனில் கத்தினார். அஜித் தட்டாஞ்சாவடிப் பட்டறையில் ஞாயிற்றுக்கிழமையும் வேலையில் இருந்தான்.

"டேய், ஒம் பொண்ணு குடிக்கிறாடா! ... ஆமாண்டா, பாத்துட்டேன். எல்லாம் தெரிஞ்சிதான இருந்த? ஊட்டுக்கு வா, ஒனக்கு இருக்கு."

பாப்பாவை மெல்ல அடுத்த பக்கம் மாற்றினேன். அங்கேயும் மூன்று வழியாகத்தான் வந்தது. அவள் சளைக்கவில்லை.