மூக்கைப் பிடித்துக்கொண்டு

வீட்டில் எல்லோரும் அவளை மூக்கி என்றுதான் கூப்பிடுவார்கள். அண்ணன் சமைக்கும் உணவகத்தில் எந்தச் சாப்பாட்டோடு எந்த ஒயினைக் கொடுப்பது என்று முடிவு செய்வது அவள் வேலை. பாட்டிலின் தக்கையை உருவியதுமே, கிளாஸில் ஊற்றும் முன்பே, "இது கெட்டுப்போச்சு, திருப்பி அனுப்புங்க" என்று சொல்லிவிடுவாள். பெயர் அப்படி வந்தது.

மழைக்காலத்தில் வந்த காய்ச்சல், போகும்போது வாசனையையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. மூக்கு இருக்கிறது. தும்மல் வருகிறது, சளி பிடிக்கிறது. வாசனை மட்டும் இல்லை. போன வாரம் அவள் பக்கத்தில் நிற்கும்போதே பால் அடிப்பிடித்துக் கருகியது. முன்கூடத்திலிருந்து அண்ணி ஓடிவந்து அடுப்பை அணைத்தாள். இன்று மதியம், மேசைவிரிப்புகளை மடித்துக்கொண்டே சொன்னாள்.

"நாளையிலேர்ந்து நீ கல்லாவுல உக்காந்துக்க. ஒயினுக்கு வேற ஆள் பாத்துக்கறேன்."

"நான் கல்லாவுல உக்கார மாட்டேன் அண்ணி."

"அப்ப இதை மனப்பாடம் பண்ணு. சாயங்காலம் பல் டாக்டர் மாமனார் மாமியாரோட வர்றார். பழைய ஷிராஸ், அந்தச் சிவப்பு ஒயின்தான் வேணும்னு நேத்தே கேட்டாரே. ஒயின் கம்பெனிக்காரர் சொல்லிக் குடுத்த வாசனை இதுதான்: கறுப்புப் பிளம்ஸ், பதப்படுத்தின தோல், புகை, கொஞ்சம் மிளகு. போய் அழகா ஒப்பிச்சுட்டு வா. யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியும்ல? வராத வாசனையை வருதுன்னு சொல்ல மாட்டேன்."

சமையலறையிலிருந்து அண்ணன் எட்டிப் பார்த்தான். "ரெண்டு பேரும் அப்புறமா அடிச்சுக்கங்க. விலா எலும்பை வாட்டிட்டேன். ஷிராஸ்னா மிளகு சாஸ். அதுல யோசிக்க என்ன இருக்கு?"

ஷிராஸ் என்றால் மிளகு சாஸ். கடை திறந்த நாளிலிருந்து அந்த அடுப்படியின் சட்டம் அது. சட்டத்தைப் போட்டவளும் மூக்கிதான். ஆனால் அன்றைக்கெல்லாம் இளம் ஷிராஸ்தான் வாங்கினார்கள்.

அவள், வண்டல் அடியில் தங்கட்டும் என்று முந்தின நாளே நிமிர்த்தி வைத்திருந்த பாட்டிலை எடுத்தாள். தக்கை பாதியில் முறிந்தது. மீதியை நெம்பி எடுத்து, விளக்கு வெளிச்சத்தில் சாய்த்து, கண்ணாடிக் குடுவையில் மெதுவாக ஊற்றினாள். அடியிலிருந்த வண்டல் கழுத்தை எட்டியதும் நிறுத்தினாள். ஒயினின் ஓரம் செங்கல் நிறத்துக்கு வந்திருந்தது. ஒரு வாய் குடித்து, கன்னத்துக்குள் உருட்டினாள்.

இளம் ஷிராஸ் என்றால் பச்சை வாழைக்காயைக் கடித்தது போல வாயே சுருங்கும். இதில் அந்த இழுப்பு அடங்கியிருந்தது. பல தடவை துவைத்த துணி போல மெத்தென்று இருந்தது. மெல்லிய புளிப்பு, பிறகு ஒரு இனிப்பு. அது நாக்கின் அடியிலேயே கொஞ்ச நேரம் நின்றது.

"அண்ணே, விலா எலும்பு வேணாம்."

"ஏன்டி?"

"புது ஷிராஸ்ல துவர்ப்பு இருக்கும், கொழுப்பை வழிச்சுட்டுப் போயிடும். இதுல துவர்ப்பு அடங்கிடுச்சு. உன் கொழுப்புக்கு முன்னால இது நிக்காது."

"யாருக்குக் கொழுப்பு? உனக்குத்தான் கொழுப்பு."

"மதியம் நமக்கு வச்சியே, தோள் கறியும் காளானும், வெறும் உப்புல மெதுவா வேகவச்சு. அதைக் குடு."

"வேலை செய்யறவங்க சாப்பாட்டையா? டாக்டர் வீட்டு விருந்துக்கா?" அண்ணனுக்கு முகம் சிவந்துவிட்டது.

"வாசனையே தெரியாதவ பேச்சைக் கேட்டு மெனுவை மாத்தணுமாக்கும்," என்றாள் அண்ணி.

மூக்கி இரண்டு தட்டுகளை எடுத்துவைத்தாள். ஒன்றில் சாஸ் ஊற்றிய விலா எலும்பு, இன்னொன்றில் மிச்சமிருந்த தோள் கறி. இரண்டு கிளாஸில் ஒயினை ஊற்றினாள்.

"மூக்கைப் பிடிச்சுக்கங்க, ரெண்டு பேரும். நல்லா இறுக்கி. இப்ப சாப்பிட்டுக் குடிங்க. எனக்கு என்ன தெரியுதோ அதுதான் உங்களுக்கும் தெரியும். அப்புறம் பேசலாம்."

முதலில் விலா எலும்பு. அண்ணன் மென்றான், குடித்தான், முழித்தான்.

"தண்டி பாதிரி இருக்கு," என்றான் மூக்கடைத்த குரலில்.

"என்னது?"

"தண்டி! தண்டி!"

தண்ணீர் மாதிரி இருக்கிறதாம். அண்ணிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஆனாலும் மூக்கை விடவில்லை. அவள் கிளாஸை உயர்த்தி மறுபடி குடித்துப் பார்த்தாள். எரிச்சலும் எண்ணெய்ப் பிசுக்கும்தான் வாயில் இருந்தன. அடுத்த தட்டிலிருந்து தோள் கறியை ஒரு துண்டு எடுத்தாள், குடித்தாள், நின்றாள். இன்னொரு துண்டை எடுத்தாள். மூக்கைப் பிடித்திருந்த விரல்களை எடுக்க மறந்தே போனாள்.

"இப்ப தெரியுதா?"

அண்ணன் கிளாஸைக் கீழே வைத்தான். "காளான் போதாது. நறுக்கணும்," என்று முனகிவிட்டு அடுப்படிக்குப் போனான்.

அண்ணி அவ்வளவு எளிதில் விடுகிறவள் இல்லை. "சரி, சாப்பாட்டை மாத்திக்கலாம். ஆனா டேபிளுக்கு நீ போகாதே. என்ன வாசனைன்னு கேட்டா என்ன சொல்லுவே?"

"தெரியாதுன்னு சொல்லுவேன்."

"மானம் போயிடும்டி."

"எனக்குப் போனது வாசனை அண்ணி. மானம் அப்படியேதான் இருக்கு."

சாயங்காலம் குடுவையை அவளே எடுத்துக்கொண்டு போனாள். பல் டாக்டரின் மாமனார் கிளாஸை உயர்த்தி, சுழற்றி, அவளைப் பார்த்தார். "என்ன வாசனைம்மா இது? நீ சொல்லு பாப்போம்."

"எனக்கு வாசனை தெரியாது சார். காய்ச்சல்ல போயிடுச்சு."

டாக்டர் அதை வேடிக்கைப் பேச்சு என்று நினைத்துச் சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை. மாமனார் கிளாஸைக் கீழே வைத்தார்.

"அப்ப தெரிஞ்ச ஆளைக் கூப்பிடு."

கல்லாவிலிருந்து அண்ணி பாதி எழுந்துவிட்டாள்.

"கூப்பிட ஆள் இல்லை சார்," என்றாள் மூக்கி. "இந்த ஒயினுக்கு இந்தக் கறின்னு சேர்த்தது நான். வாசனையை உங்க மூக்கு பாத்துக்கும். வாய்க்குள்ள நடக்கறதுக்கு நான் பொறுப்பு. ஒரு துண்டு கறி, ஒரு மடக்கு ஒயின். பிடிக்கலேன்னா என்கிட்டயே சொல்லுங்க. நான் இங்கேதான் நிப்பேன்."

நின்றாள். குடுவை ஆடாமல் இருக்க இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

அவர் கறியை வெட்டினார். மென்றார். குடித்தார். கண்ணை எங்கேயோ வைத்துக்கொண்டு மறுபடி வெட்டினார்.

"என்னங்க, நல்லாயிருக்கா?" என்று அவர் மனைவி கேட்டார்.

"பேசாம சாப்பிடு." காலி கிளாஸை ஒரு விரலால் மூக்கியின் பக்கம் நகர்த்தினார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

அதற்குள் அண்ணி பின்னால் வந்து, குடுவையில் கைவைத்து, காதோரம் கிசுகிசுத்தாள். "போதும், குடு. மிச்சத்தை நான் ஊத்தறேன். நீ கல்லாவுக்குப் போ."

"கையை எடுங்க அண்ணி," என்றாள் மூக்கி. மெதுவாகச் சொல்லவில்லை. மேசை முழுக்கக் கேட்கும்படியே சொன்னாள். "இது என் டேபிள்."